பத்துக் குதிரைச் சக்தி, ஒரே ஒரு இருக்கை

பாஹா வண்டியை நேரில் பார்க்காதவர்களுக்கு முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரம், இரும்புப் பைப்பில் கட்டிய ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரே ஒரு இருக்கை, இருக்கைக்குப் பின்னால் 305 சிசி பெட்ரோல் இன்ஜின். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, பேனட் கிடையாது. ரோட்டில் ஓட்டவும் முடியாது. கல்லிலும் மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் நாலு மணி நேரம் ஓடித் தாக்குப்பிடிப்பதற்காகவே பிறந்த வண்டி. கட்டுகிறவர்கள் பொறியியல் கல்லூரி மாணவர்கள். கட்டி முடித்து, இந்தூர் பக்கத்தில் பீதாம்பூரில் நடக்கும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நானும் அப்படிக் கட்டியவன்தான். படித்தது தஞ்சாவூரில். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர் கேஜ் வீல், ரொட்டவேட்டர் பிளேடு, அறுவடை வண்டியின் உருளை என்று டெல்டாவின் இரும்பெல்லாம் என் வாசலில் வந்து இறங்கும். அவற்றுக்கு நடுவில், கல்லூரித் தம்பிகள் தங்கள் வண்டியின் கூண்டையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு வகை இரும்பையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. இந்த வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் மாற்ற வைத்தது அது ஓடிய மண்தான். நம் பிள்ளைகளோ வேறு ஊர் மண் கேட்ட வடிவத்தைக் கட்டுகிறார்கள். நம் வயலிலேயே ஓடுகிற ஒற்றை இருக்கை வண்டி ஒன்று உண்டு, அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வண்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வகை வண்டிகளின் மூதாதை கலிஃபோர்னியாவின் கடற்கரை மணலில் பிறந்தது. புரூஸ் மேயர்ஸ் படகு கட்டும் தொழிலில் இருந்தவர், ஃபைபர் கிளாஸ் அவருக்குக் கைவந்த சரக்கு. 1964-ல் ஃபைபர் கிளாஸில் ஒரு வண்டி உடலை வார்த்து, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினை அதில் மாட்டினார். பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால். எடை பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததால் மணலில் பிடிப்பு கிடைத்தது, உடல் லேசாக இருந்ததால் புதையவில்லை. மேயர்ஸ் மாங்க்ஸ் என்று பெயர் வாங்கிய அந்த வகை வண்டிதான், 1967-ல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தை ஜெயித்தது. பின்னாளில் பாஹா 1000 என்று உலகத்துக்கே தெரிய வந்த பந்தயம் அது.

ஒற்றை இருக்கை வண்டியைத் தரை எப்படி மாற்றியது என்று பார்க்க ஹோண்டாவின் ஒடிஸியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1977-ல் வந்த ஒடிஸி எஃப்எல் 250-ல் 248 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெல்ட்டில் ஓடும் கியரில்லாத டிரான்ஸ்மிஷன். பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. உப்பிய பெரிய டயருக்குள் இருக்கும் காற்றுதான் சஸ்பென்ஷன். மணல் மேட்டில் அது போதும். கல்லிலும் பள்ளத்திலும் வேகமாக ஓட்டத் தொடங்கியதும் போதாமல் போனது. 1985-ல் வந்த 350-ல் பின்பக்கத்துக்கும் சஸ்பென்ஷன் வந்தது. 1989-ல் பைலட் என்ற பெயரில் வந்த அடுத்த வண்டியில், தண்ணீரால் குளிரவைக்கும் பெரிய இன்ஜினோடு நாலு சக்கரமும் தாராளமாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஆளை மணலிலிருந்து கல்லுக்குக் கொண்டுபோனதற்கு வண்டி கொடுத்த விலைதான் அத்தனை பாகமும் எடையும்.

இந்த வகை வண்டி கட்டுவதை மாணவர்களுக்கான போட்டியாக 1976-ல் தொடங்கியது அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில். இந்தியாவுக்கு வந்தது 2007-ல், மஹிந்திரா ஆதரவோடு. விதிகளில் முக்கியமானது ஒன்று: எல்லா அணிக்கும் ஒரே இன்ஜின். நான் கட்டிய காலத்தில் அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் 10 குதிரைச் சக்தி இன்ஜின். சீல் வைத்த மாதிரிதான், பிரித்து எதையும் மாற்றக்கூடாது. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை நிமிஷத்துக்கு 3,800 சுற்றில் கட்டிவிடுவார்கள். பணக்காரக் கல்லூரியானாலும் ஏழைக் கல்லூரியானாலும் வேகத்துக்கு அங்கே வழி கிடையாது.

அப்படியென்றால் போட்டி எதில்? எடையில். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்துக் குதிரைச் சக்தி என்றால் ஏறக்குறைய 7.5 கிலோவாட். பெல்ட், கியர், செயின் என்று வழியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று வையுங்கள். சக்கரத்துக்கு வருவது 6 கிலோவாட். வண்டியும் டிரைவருமாகச் சேர்ந்து 320 கிலோ இருந்தால், 20 டிகிரி சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏற முடியாது. அதையே 230 கிலோவுக்குக் கொண்டுவந்தால் அதே இன்ஜினில் 28 கிலோமீட்டர் கிடைக்கும். மண்ணின் இழுப்பைச் சேர்த்தால் இரண்டுமே குறையும், ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி போகாது. இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து கையில் எடுக்கிற ஒவ்வொரு போல்ட்டையும் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் இந்தியக் கல்லூரிகள் கட்டிய வண்டிகள் கனமாக இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. கடையில் கிடைத்தது அவ்வளவுதான். கியர்பாக்ஸ் மஹிந்திரா ஆல்ஃபா மூன்று சக்கர வண்டியினுடையது. ரிவர்ஸும் டிஃபரென்ஷியலும் உள்ளேயே இருக்கும், ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும், அதனால் பாதி அணிகள் அதைத்தான் பிடித்தன. ஸ்டியரிங் ரேக், நக்கிள், ஹப், பிரேக் எல்லாம் மாருதி 800. பழைய காரை உடைத்து விற்கும் கடைக்குப் போனால் ஒரே சாக்கில் பாதி வண்டியை வாங்கி வந்துவிடலாம்.

இந்த மாருதி 800-க்கு நம் மாநிலத்தில் ஒரு பெரிய கதை இருக்கிறது. கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் பிற்பகுதியில் அதே காரின் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். மோட்டார் பந்தயம் பெரும் பணக்காரர்களோடு நின்றுவிடக்கூடாது, குறைந்த செலவில் ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஊரில் கிடைக்கும் பாகத்தை வைத்து உலகத்தரத்தில் ஒரு வண்டி கட்டலாம் என்று அவர் காட்டியிருக்காவிட்டால், என்னைப் போன்றவர்களுக்குப் பைப்பை அறுக்கும் தைரியமே வந்திருக்காது.

பைப்புக்கு வருவோம். இந்த வண்டியின் வளர்ச்சியை ஒரே இடத்தில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கூண்டின் பைப்பைத்தான் தொட வேண்டும். விதிப்படி முக்கியமான பைப் 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் இருக்க வேண்டும். அல்லது வளைவதிலும் ஒடிவதிலும் அதற்குக் குறையாத வேறு பைப்பைக் கணக்கோடு காட்டலாம். முதலில் எல்லோரும் அந்த 25-க்கு 3-ஐத்தான் வாங்கினோம். மீட்டருக்கு 1.6 கிலோவுக்கு மேல். பிறகு குரோம்மாலி எனப்படும் 4130 ரகத்தில் 31.75 மில்லிமீட்டர் விட்டமும் 1.65 மில்லிமீட்டர் கனமும் உள்ள பைப் வந்தது. மீட்டருக்கு 1.2 கிலோதான். கால் பங்கு எடை குறைந்தும் வளைவுக்கு எதிரான விறைப்பு ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுகிறது. இரும்பை நடுவிலிருந்து எடுத்து வெளிப்பக்கம் கொண்டுபோனதன் பலன் அது. ஒரு கூண்டுக்கு எத்தனை மீட்டர் பைப் போகும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். விதியை மீறாமல், பலத்தைக் குறைக்காமல், அத்தனை கிலோ அங்கேயே இறங்கிவிடும்.

ஆனால் மெல்லிய பைப் சும்மா கிடைப்பதில்லை, வெல்டரிடம் வேலை வாங்கும். இரண்டு பைப் சாய்வாகச் சேருமிடத்தில் ஒன்றின் முனையை மீன் வாய் மாதிரி வெட்ட வேண்டும். அந்த வெட்டின் கோட்டை கம்ப்யூட்டரில் விரித்து, காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, பைப்பைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேல் கிரைண்டரை ஓட்டி, பிறகு அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெரியக்கூடாது. மூன்று மில்லிமீட்டர் பைப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் கம்பியை ஊற்றி நிரப்பிவிடலாம். 1.65-ல் அதைச் செய்தால் ஓட்டை விழும். டிக் வெல்டிங்தான், அதுவும் நிதானமான கை. எங்கள் பக்கம் டிராக்டர் டிரெய்லர் வெல்டிங் செய்தே பழகிய பட்டறைக்காரர்கள் பலர் மெல்லிய பைப்பில் கை வைக்கக் கற்றுக்கொண்டது இந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் கூண்டில்தான்.

கூண்டின் வடிவத்தைத் தீர்மானிக்கிற இன்னொன்று உள்ளே உட்காருகிற ஆள். ஆறடிக்கு மேல் உயரமான ஆளும் உட்கார வேண்டும், குள்ளமான பெண்ணும் உட்கார்ந்து பெடலை எட்ட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் 15 சென்டிமீட்டர் இடம் வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கைப் பிடுங்கி, ஐந்து நொடிக்குள் டிரைவர் வெளியே நிற்க வேண்டும். அந்த ஐந்து நொடியைச் சோதிக்கும்போது பார்த்தீர்களானால், எந்தப் பைப் அழகுக்காக வைத்தது, எந்தப் பைப் யோசித்து வைத்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்து சஸ்பென்ஷன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்சக்கரத்தை மேல் விஷ்போன், கீழ் விஷ்போன் என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். அவற்றோடு ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடும் சேரும். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி மேலே போகும்போது இந்த மூன்றும் தங்கள் தங்கள் வட்டத்தில் சுற்றும். வட்டங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டியர் என்பார்கள். தடுக்க வேண்டுமென்றால் டை ராடின் உள்முனை, இரண்டு விஷ்போன்களின் உள்முனைகளைச் சேர்க்கும் கோட்டில் விழ வேண்டும். மூன்றையும் மனதுக்குள் நீட்டிப் பார்த்தால் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். மாருதி ரேக் ஒரு முழுக் காருக்குச் செய்தது. இந்தக் குறுகிய வண்டிக்கு அது அகலம் அதிகம், அந்தக் கோட்டில் விழாது. எங்கள் ஆரம்ப வண்டிகளில் டை ராடு அடிக்கடி வளைந்ததற்கும் ராடு எண்ட் ஒடிந்ததற்கும் அதுதான் மூலம். வண்டி ஒரு குதி குதித்து இறங்கும்போது சக்கரம் திரும்பப் பார்க்கும், கல் அதைத் திரும்ப விடாது. அந்தச் சண்டையை நடுவில் நின்று வாங்குவது டை ராடு.

அளந்து பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு நேரான பலகையைக் கிளாம்ப் போட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஒவ்வொரு சென்டிமீட்டராக உயர்த்துங்கள். ஒவ்வொரு உயரத்திலும் பலகையின் முன்முனையும் பின்முனையும் ஒரு நேர்க்கோட்டுக் கயிற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்தே மாறினால் நல்லது, ஒன்று மட்டும் ஓடினால் அங்கே கோளாறு. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. இதைச் செய்த பிறகுதான் எங்கள் அணி ரேக்கைக் குட்டையாக்கி, கடைசியில் தானே கடைந்துகொள்ளவும் தொடங்கியது. வார்ப்பிரும்பு நக்கிள் போய் அலுமினியத்தில் கடைந்த நக்கிள் வந்ததும் அப்போதுதான். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற எடை குறைந்தால் டயர் தரையை விட்டுப் பிரியும் நேரமும் குறையும்.

பின்பக்கம் இன்னொரு நுணுக்கம். டிஃபரென்ஷியல் இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இழுவையெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகச் சுற்றும். அதனால் பின் ஆக்ஸிலைப் பூட்டிவிடுவார்கள், இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். பூட்டினால் வண்டி திரும்ப மறுக்கும், நேராகவே போகப் பார்க்கும். நல்ல அணிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பின்பக்கத்தின் சாய்வு விறைப்பைக் கூட்டிவிடுகிறார்கள். திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தரையை விட்டு எழும், தரையில் மிச்சம் ஒரே பின்சக்கரம், வண்டி சொன்னபடி திரும்பும்.

ஆல்ஃபா கியர்பாக்ஸ் போன இடத்தில் சிவிடி வந்தது. இரண்டு கப்பி, ஒரு ரப்பர் பெல்ட். சுற்று கூடக் கூட முன் கப்பிக்குள் இருக்கும் எடைகள் வெளியே தள்ளி, கப்பி நெருங்கி, பெல்ட் மேலே ஏறி, கியர் தானாக மாறும். டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். அதன் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றி மாற்றி, இன்ஜின் எப்போதும் தன் முழு பலத்திலேயே நிற்கும்படி செய்வது தனி வித்தை. பலவீனம் ஒன்றே ஒன்று: பெல்ட்டில் தண்ணீர் பட்டால் வழுக்கும். காற்று போகாமல் மூடினால் சூட்டில் பெல்ட் கருகும், காற்று போக வழி விட்டால் சேற்றுத் தண்ணீர் உள்ளே வரும்.

இவ்வளவும் ஒரே அணி தொடர்ந்து செய்த வேலை இல்லை. நாலு வருஷத்தில் எல்லோரும் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள். அதனால் வண்டியின் வளர்ச்சி என்பது அண்ணன்மார் தம்பிமாருக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கோப்பை, படம் எல்லாம் சரி, அதைவிட ஒடிந்த பாகங்கள்தான் முக்கியம். என் பட்டறையில் தம்பிகளுக்காக ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறேன். ஒடிந்த ராடு எண்ட், பல் போன ஸ்பிராக்கெட், முறுக்கி வெடித்த ஆக்ஸில், கருகிய பெல்ட், எல்லாவற்றிலும் ஒரு அட்டை கட்டித் தொங்கும். எந்த வண்டி, எந்த இடத்தில், என்ன வேகத்தில், யார் ஓட்டும்போது ஒடிந்தது என்று. முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்வேன். வரி வரியாக அலை தெரிந்தால் நாள்பட்ட விரிசல், சொரசொரவென்று ஒரே மாதிரி இருந்தால் ஒரே அடியில் போனது. முதலாவதற்கு வடிவத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குப் பலத்தைக் கூட்ட வேண்டும். அந்த அலமாரி முன்னால் ஒரு மணி நேரம் நின்ற பையன் ஒரு செமஸ்டரில் படிப்பதைவிட அதிகம் தெரிந்துகொண்டு போகிறான். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இனி மண்ணுக்கு வருகிறேன்.

தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் போனால் மேட்டு நிலம். செம்மண், சரளை. எங்கள் அணி வண்டியைப் பெரும்பாலும் ஓட்டிப் பார்த்தது அங்கேதான். பீதாம்பூரும் கரிசலும் கருங்கல்லுமான மேட்டு நிலம், அதனால் அது தோதாகவும் இருந்தது. ஊரைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மண்ணே வேறு. காவிரியும் வெண்ணாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய களி. சம்பாவை அடுத்து அதில் உளுந்தோ பயறோ விதைத்துவிடுவார்கள், வண்டியை விட முடியாது. ஒருமுறை அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த ஒரு திடலில் ஓட்டிக்கொண்டிருந்தோம். வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிட்டே வந்தார்.

"ஏந்தம்பி, இத நம்ம தொளியில எறக்குவியளா?"

"எறங்காதுங்கய்யா. மாட்டிக்கும்."

"அப்பறம் எதுக்கு இத சேத்துல ஓடுற வண்டிங்கிறிய?"

தொளி என்றால் தண்ணீர் கட்டி உழுது குழைத்த நடவுச் சேறு. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த பட்டத்தில் என் மாமா வயலில், தண்ணீர் கட்டித் தொளி உழவு முடிந்த ஒரு மூலையில், பழைய வண்டி ஒன்றை இறக்கிப் பார்த்தோம். டயரின் பட்டன்களுக்கு நடுவில் களி நிரம்பி டயர் மொழுமொழுவென்று ஆனது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்தது. மாமா கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார்.

அந்த டிராக்டர் ஏன் மாட்டவில்லை என்று யோசித்தால் பதில் அங்கேயே இருக்கிறது. இளகிய தரையில் வண்டி நிற்க இரண்டே வழி. ஒன்று, மிதப்பது: அகலமான டயர், குறைந்த காற்று, லேசான உடல். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான், அதனால் ஆறேழு பிஎஸ்ஐ காற்றில் மணல்மேல் மிதந்து போகலாம். மேயர்ஸ் மாங்க்ஸும் ஒடிஸியும் எடுத்த வழி அது. தொளியோ ஆள் கால் வைத்தாலே இறங்கிவிடும், அதில் எந்த டயரும் மிதக்காது. இன்னொரு வழி, அடியில் போய் நிற்பது. வருஷக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுது மிதித்ததால் தொளிக்குக் கீழே, ஒரு சாண் ஆழம் போல, இறுகிய ஒரு தளம் இருக்கிறது. தண்ணீரை வயலில் நிறுத்துவதே அந்தத் தளம்தான். குறுகிய உயரமான சக்கரம் சேற்றைத் தள்ளாமல் கிழித்து இறங்கி அந்தத் தளத்தில் நின்றுகொள்ளும். கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் போகிற வழியில் சேற்றையே பிடித்துத் தள்ளும், களி கம்பிகளுக்கு நடுவே வழிந்து போய்விடும், அடைத்துக்கொள்ளாது.

இப்போது அந்த ஒற்றை இருக்கை வண்டியைச் சொல்கிறேன்: உட்கார்ந்து ஓட்டும் நடவு இயந்திரம். யன்மாரும் குபோட்டாவும் செய்யும் ஆறு வரிசை, எட்டு வரிசை வண்டிகள் டெல்டாவில் நடவு சமயத்தில் எல்லோரும் பார்ப்பதுதான். ஒரு டிரைவர் சீட். நாலு சக்கரத்துக்கும் இழுவை. சக்கரம் நாலும் ஒல்லி. பின்சக்கரம் கிட்டத்தட்ட இடுப்பு உயரம், விளிம்பில் ரப்பர் துடுப்புகள். வயிறு உயரமாகத் தூக்கி நிற்கும். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி, எங்கள் லேசான வண்டி மூழ்கிய அதே தொளியில் நாற்றை நேர்க்கோட்டில் ஊன்றிக்கொண்டு போகிறது. சக்கரம் ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் முன் ஆக்ஸில் நடுவச்சில் சாய்ந்துகொடுக்கிறது, நடவுப் பகுதி மட்டம் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கரடுமுரடான தரைக்கான வண்டி வடிவமைப்பு என்று வகுப்பில் நடத்துகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல மாதிரி எது? அதைக் கழற்றிப் பார்க்க எந்தக் கல்லூரி அணியும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அமெரிக்க வண்டியின் சஸ்பென்ஷன் படத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விவாதிப்பார்கள்.

அமெரிக்கப் போட்டியே இப்போது இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 2023 முதல் அங்கே நாலு சக்கர இழுவை கட்டாயம், இன்ஜினும் கோலரின் 14 குதிரைச் சக்திக்கு மாறிவிட்டது. இந்தியாவில் 2015 முதல் மின்சார வண்டிகளுக்கு ஈபாஹா என்று தனிப் பிரிவு இருக்கிறது. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் கொடுக்கும், நனைந்து வழுக்குவதற்குச் சிவிடி பெல்ட்டும் இருக்காது. களி மண்ணுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆசை கூடுகிறது. பேட்டரியின் எடைதான் ஒரே தடை.

இந்த வருஷம் தம்பிகளுடன் சேர்ந்து ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். போட்டிக்கு இல்லை, தொளிக்கு. பழைய வண்டியின் கூண்டும் இன்ஜினும் அப்படியே இருக்கும். முன்சக்கரத்துக்கும் செயின் வழியாக இழுவை. டயரைக் கழற்றிவிட்டு 80 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒல்லிச் சக்கரம், துடுப்புகள் ரப்பரில். பழைய டயர் 58 சென்டிமீட்டர். சக்கரம் பெரிதானதால் தரையில் கிடைக்கும் இழுவை கால் பங்குக்கு மேல் குறையும். அதை ஈடுகட்ட ரிடக்‌ஷனை 1.38 மடங்கு கூட்டி ஸ்பிராக்கெட் கடைந்தாயிற்று. வயிற்றுக்கு அடியில் ஒரே தகடு, போல்ட் தலை எதுவும் நீட்டாமல். சிவிடிக்குக் காற்று வர டிரைவர் தலைக்கு மேலிருந்து ஒரு குழாய், நடவு இயந்திரத்தில் காற்றை உயரத்திலிருந்து எடுப்பதைப் பார்த்து வைத்தது. தீராத பிரச்சினை ஸ்டியரிங்தான். சேற்றுக்குள் புதைந்த உயரமான சக்கரத்தைத் திருப்ப ஆகும் பலத்துக்கு எங்கள் ரேக் தாங்குமா என்று சந்தேகம், பினியனின் பல்லைப் பெரிதாக்கி மறுபடி கடைந்துகொண்டிருக்கிறோம்.

மேட்டூர் அணை திறந்து, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, மாமா குறுவைக்குத் தொளி உழுததும் வண்டியை இறக்குவோம். சக்கரம் எவ்வளவு ஆழம் இறங்கியது, கயிற்றில் தராசு கட்டி அளந்த இழுவை எத்தனை கிலோ, பெல்ட் எவ்வளவு சூடேறியது, மூன்றையும் எழுதிவைக்கத் தம்பிகளில் ஒருவனை வரப்பில் நிறுத்துவதாக ஏற்பாடு. எண்கள் கைக்கு வந்ததும் இதே பதிவின் கீழே சேர்க்கிறேன். நடவு இயந்திரம் ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சக்கரத்தில் களி அப்பாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். ரப்பர் துடுப்பின் கோணத்தை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.